சிலுவைப் போருக்குப் போனவர்கள் உண்மையில் எதனால் செத்தார்கள்?

கேள்வி இது: ஐரோப்பாவிலிருந்து சிலுவைப் போருக்குக் கிளம்பிய ஒருவர், போர்க்களத்தைத் தவிர வழியில் வேறு என்னென்ன ஆபத்துகளைச் சந்தித்தார்? அவர் உயிரோடு ஊர் திரும்ப எவ்வளவு வாய்ப்பு இருந்தது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். சண்டையில் செத்தவர்களைவிடப் பசியிலும் தாகத்திலும் பேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள்தான் அதிகம். சினிமாவில் நாம் பார்ப்பது கவசமும் கொடியும் வாள்வீச்சும். ஆனால் கூடவே நடந்துபோனவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தால், ரொட்டி என்ன விலைக்கு விற்றது, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருந்தது, எத்தனை குதிரை மிச்சம் என்ற பேச்சுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

எருசலேமை முஸ்லிம் ஆட்சியிடமிருந்து பிடிக்கவும் காக்கவும் என்று 1095 முதல் 1270 வரை பல படையெடுப்புகள் நடந்தன. எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது. நேரில் பார்த்தவர்களின் சாட்சியம் நன்றாகக் கிடைக்கும் மூன்றை மட்டும் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன்: முதல் சிலுவைப் போர், மூன்றாவதில் நடந்த அக்கோ முற்றுகை, பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயியின் எகிப்துப் படையெடுப்பு.

கஷ்டம் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தொடங்கிவிடும். 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மான் நகரில் போப் இரண்டாம் அர்பன் அழைப்பு விடுத்தபோது, சம்பளம் தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. போகிறவர் தன் செலவில்தான் போக வேண்டும். நைட் எனப்படும் கவசக் குதிரை வீரருக்குப் போர்க்குதிரை வேண்டும், பயணத்துக்கு வேறு குதிரை வேண்டும், சுமை தூக்கக் கழுதைகள், பணியாட்கள், கவசம், கூடாரம், ஆண்டுக்கணக்கில் சாப்பாட்டுக்குக் காசு எல்லாம் வேண்டும். பல ஆண்டு வருமானத்தை ஒரே மூச்சில் திரட்டினால்தான் முடியும். அதனால் நிலத்தை மடாலயங்களிடம் அடகு வைத்தார்கள், விற்றார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் விற்க வந்ததால் விற்கும் பொருளின் விலை சரிந்தது, வாங்க வேண்டிய பொருளின் விலை ஏறியது. நார்மண்டியின் கோமகன் ராபர்ட் தன் நாட்டையே 10,000 மார்க் வெள்ளிக்குத் தம்பியிடம் அடகு வைத்தார். அந்தத் தம்பி இங்கிலாந்து மன்னர் வில்லியம் ரூஃபஸ். 1100-இல் ராபர்ட் ஊர் திரும்பியபோது வில்லியம் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. இன்னொரு தம்பி ஹென்றி அதற்குள் முடிசூடிவிட்டார். 1106-இல் அதே ஹென்றியிடம் ராபர்ட் தோற்று, மிச்ச வாழ்நாள் முழுவதையும் சிறையில் கழித்து 1134-இல் செத்தார். எருசலேமைப் பிடித்த படைத்தலைவர்களில் ஒருவருக்கே இந்தக் கதி என்றால், அரை ஏக்கரை விற்றுவிட்டு நடந்துபோன குடியானவரை யோசித்துப் பாருங்கள். போனவர்களின் சொத்துக்குத் திருச்சபையின் பாதுகாப்பு உண்டு என்று அறிவிப்பு இருந்தது. நடைமுறையில் பங்காளிகளும் அக்கம்பக்கத்து நிலக்கிழார்களும் அதை எல்லா இடத்திலும் மதிக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். இந்தப் பயணத்தின் முதல் பலிகள் சிலுவைக் குறி அணிந்து கிளம்பியவர்கள் அல்ல. 1096 வசந்தத்திலும் கோடையிலும் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் போன்ற ஊர்களில் வாழ்ந்த யூதக் குடும்பங்களைச் சிலுவைப் போர்க் கூட்டங்கள் கொன்று குவித்தன. பயணிகளின் துன்பத்தைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் கையால் மற்றவர்கள் பட்டதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

முதலில் கிளம்பிய கூட்டம் துறவி பீட்டரின் பின்னால் போன ஏழைகளும் சில்லறை வீரர்களும். 1096 கோடையில் கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போய்ச் சேர்ந்து, கடலைக் கடந்து துருக்கியர் எல்லைக்குள் நுழைந்தார்கள். அதில் ஒரு பிரிவு செரிகோர்டன் என்ற கோட்டையைப் பிடித்தது. கோட்டைக்குத் தண்ணீர் வெளியிலிருந்துதான் வரவேண்டும். துருக்கியர் வந்து அதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எட்டு நாள். உள்ளே இருந்தவர்கள் குதிரை, கழுதைகளின் நரம்பைக் கீறி ரத்தம் குடித்தார்கள். துணியைக் கழிவுக் குழிக்குள் இறக்கி, ஊறியதைப் பிழிந்து வாயில் விட்டுக்கொண்டார்கள். ஒருவர் கையில் ஒருவர் சிறுநீர் பெய்து குடித்தார்கள். ஈர மண்ணைத் தோண்டி நெஞ்சின் மேல் பரப்பிக்கொண்டு படுத்தார்கள். கடைசியில் சரணடைந்தவர்களில் மதம் மாற மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள், மற்றவர்கள் அடிமைகளானார்கள். அக்டோபர் 21 அன்று மிச்சக் கூட்டமும் சிவெடாட் அருகே அழிக்கப்பட்டது.

அப்புறம் வந்த பிரபுக்களின் படைகள் ஒழுங்காகத் திட்டமிட்டு வந்தவை. அவர்களுக்கும் ஆபத்து காத்திருந்தது, அதுவும் எதிரியே இல்லாத இடத்தில். 1097 ஏப்ரல் 5 அன்று இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகத்திலிருந்து ராபர்ட்டின் படை கப்பலேறியது. ஒரு கப்பல் கரைக்குப் பக்கத்திலேயே பிளந்தது. ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 400 பேர் மூழ்கினார்கள் என்று அங்கேயே நின்று பார்த்த ஃபுல்ச்சர் என்ற பாதிரியார் எழுதுகிறார். குதிரைகளும் பணப்பெட்டிகளும் போயின. கரையில் நின்றவர்களில் பலர் அதைப் பார்த்ததோடு சரி, கடலே வேண்டாம் என்று வீடு திரும்பிவிட்டார்கள். அவர்கள் கோழைகள் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலானவர்கள் அதற்கு முன் கடலையே பார்த்திராதவர்கள்.

தப்பிக் கரை சேர்ந்தவர்களுக்கு அடுத்தது அனத்தோலியா, இன்றைய துருக்கி. முதல் சிலுவைப் போரின் உண்மையான எதிரி இந்த நிலம்தான் என்பது என் கருத்து. 1097 ஜூனில் நைசியா நகரம் சரணடைந்தது. புளுவாவின் பிரபு ஸ்டீஃபன் மனைவி அதேலாவுக்குக் கடிதம் எழுதினார்: அந்தியோக்கியா (வழியில் இருந்த கோட்டை நகரம்) மட்டும் தடுக்காவிட்டால் இன்னும் ஐந்து வாரத்தில் எருசலேமில் இருப்போம் என்று. ஐந்து வாரம் என்று அவர் நினைத்தது இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது.

ஜூலை 1 அன்று டோரிலேயம் போரில் வென்றார்கள். வென்ற கையோடு, பின்வாங்கிய துருக்கியர் பாழாக்கிவிட்டுப் போன வறண்ட பீடபூமியில் கோடையின் உச்சத்தில் நடந்தார்கள். முள்செடிகளைப் பிடுங்கி, உள்ளங்கையில் கசக்கித் தின்றதாகக் கூட நடந்த ஒருவர் எழுதியிருக்கிறார். தாகத்தில் ஒரே நாளில் 500 பேர் செத்தார்கள் என்றும், கர்ப்பிணிகள் வழியிலேயே குறைப்பிரசவத்தில் விழுந்தார்கள் என்றும், கடைசியில் ஆற்றைக் கண்டவர்கள் அளவில்லாமல் குடித்துச் செத்தார்கள் என்றும் ஆஹன் நகரத்து ஆல்பர்ட் சொல்கிறார். ஆல்பர்ட் நேரில் போகாமல், திரும்பி வந்தவர்களிடம் கேட்டு எழுதியவர். எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் மற்றவர்கள் சொல்வதோடு அது பொருந்தித்தான் போகிறது.

குதிரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனிதர்களின் சாவு பல சமயம் குதிரையின் சாவிலிருந்துதான் தொடங்கியது. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீர் வேண்டும், வெயிலில் உழைத்தால் அதற்கு மேலும். ஆயிரம் குதிரை என்றால் தினமும் 30,000 லிட்டர். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற அளவா இது? ஆறோ பெருங்கிணறோ இல்லாத பாதையில் இரண்டு மூன்று நாள் நடந்தாலே குதிரைகள் விழத் தொடங்கும். புல் மட்டும் போதாது, தானியமும் வேண்டும். அதை மனிதர்களே தின்ன ஆரம்பித்தபிறகு குதிரைக்கு எது? அனத்தோலியாவைக் கடப்பதற்குள் பெரும்பாலான குதிரைகள் செத்துவிட்டன. நைட்டுகள் காளை மாட்டின் மேல் ஏறிப் போனார்கள். ஆடுகளின் மேலும் நாய்களின் மேலும் மூட்டை கட்டினார்கள். குதிரை போனால் நைட்டுக்கு அந்தஸ்து போச்சு என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் படையின் பலமே குதிரைப் பாய்ச்சல்தான். குதிரை இல்லாவிட்டால் தானியம் தேடி வெகுதூரம் போகவும் முடியாது, தேடிப் போனவர்களுக்குக் காவல் தரவும் முடியாது. அக்டோபரில் மலைத்தொடரைத் தாண்டும்போது செங்குத்துப் பாதையில் எஞ்சியவற்றிலும் பல உருண்டு விழுந்தன. கவசத்தையும் கேடயத்தையும் சில காசுக்கு விற்றவர்களும், வாங்க ஆளில்லாமல் எறிந்துவிட்டு நடந்தவர்களும் உண்டு.

இப்படித்தான் 1097 அக்டோபரில் அந்தியோக்கியாவின் மதில்முன் வந்து நின்றார்கள். முதல் சில வாரம் சாப்பாடு தாராளம். மாட்டில் தொடையும் தோளும்தான் வேண்டும், நெஞ்சுக்கறி வேண்டாம் என்று ஒதுக்கினார்கள், தானியத்தைச் சீண்டவே இல்லை என்று அங்கிருந்த குரு ரேமண்ட் வருத்தத்தோடு எழுதுகிறார். கிறிஸ்துமஸுக்குள் சுற்றுவட்டாரம் துடைத்தெடுத்தது போல் ஆகிவிட்டது. ஒரு கழுதைச் சுமை தானியம் 8 பைசாந்தியத் தங்கக் காசுக்கு விற்றது. அந்த விலைக்கு வாங்க முடிந்தவர் சாப்பிட்டார், முடியாதவர் செத்தார். பட்டினியில் பெருந்தொகையானவர்கள் மாண்டார்கள் என்கிறார் எதெஸ்ஸா நகரத்து ஆர்மீனியரான மத்தேயு. மழை விடாமல் பெய்தது, கூடாரத் துணி மக்கியது. சிரியாவில் வெயில் தாங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே, இங்கே குளிர்காலம் நம் ஊரைப் போலத்தான் இருக்கிறது என்று ஸ்டீஃபன் மறுபடி மனைவிக்கு எழுதினார். வெயில் நாட்டுக்கு என்று தயாராகி வந்தவர்கள் குளிரிலும் ஈரத்திலும் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள்.

ஓடியவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கானோரைத் தன் பேச்சால் கிளப்பிவிட்ட துறவி பீட்டரே 1098 ஜனவரியில் ஓடப் பார்த்துப் பிடிபட்டார். ஸ்டீஃபன் ஜூன் 2 அன்று முகாமைவிட்டுப் போனார். மறுநாளே, ஜூன் 3 அன்று, உள்ளே இருந்த ஒருவரின் துரோகத்தால் நகரம் சிலுவைப் படையிடம் விழுந்தது. ஆனால் அது விடுதலையாக அமையவில்லை. சில நாளில் மோசூலின் துருக்கிய ஆளுநர் கெர்போகா பெரும்படையோடு வந்து சூழ்ந்துகொண்டார். முற்றுகையிட்டவர்கள் இப்போது முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள், அதுவும் எட்டு மாத முற்றுகையில் களஞ்சியம் காலியாகிவிட்ட நகரத்துக்குள். அத்தி இலை, திராட்சை இலை, நெருஞ்சி வகை முள்செடி என்று கிடைத்ததையெல்லாம் வேகவைத்துத் தின்றார்கள். காய்ந்து கிடந்த குதிரைத் தோலையும் ஒட்டகத் தோலையும் ஊறவைத்துக் காய்ச்சினார்கள். நாக்கில்லாத குதிரைத் தலைக்கே இரண்டு மூன்று ஷில்லிங் விலை. இரவில் மதிலிலிருந்து கயிறு கட்டி இறங்கி ஓடியவர்களுக்கு, கயிற்றில் தொங்கியவர்கள் என்ற பட்டப்பெயர் காலத்துக்கும் நிலைத்தது. ஸ்டீஃபன் ஊர் திரும்பினார், ஆனால் அவமானம் விடவில்லை. மனைவியின் வற்புறுத்தலில் மறுபடி கிழக்கே போய் 1102-இல் ராம்லாவில் கொல்லப்பட்டார். எருசலேம் போவேன் என்று எடுத்த சபதத்தை நிறைவேற்றாதவரைத் திருச்சபை விலக்கிவைக்கும், ஊர் ஏசும். திரும்பி வருவதும் சுலபமான வழியாக இருக்கவில்லை.

ஜூன் 28 அன்று வெளியே பாய்ந்து கெர்போகாவை விரட்டினார்கள். சரி, இனிமேலாவது நிம்மதியா என்றால், அந்தக் கோடையில் கொள்ளைநோய் வந்தது. போப்பின் பிரதிநிதியாக வந்து, எல்லாத் தலைவர்களையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்த பிஷப் அதேமார் ஆகஸ்ட் 1 அன்று அதில் இறந்தார். ரேகன்ஸ்பர்க் பகுதியிலிருந்து புதிதாக வந்து இறங்கிய 1,500 ஜெர்மானியர்கள் ஏறக்குறைய மொத்தமாக மாண்டார்கள் என்று ஆல்பர்ட் எழுதுகிறார். ஒரு நாளும் வாளை உருவாமலே அவர்களின் சிலுவைப் போர் முடிந்துபோனது.

அடுத்து வருவது எழுதவே கை கூசும் பகுதி. 1098 டிசம்பரில் சிரியாவின் மஅர்ரா நகரத்தைப் பிடித்தார்கள். உயிருக்கு உத்தரவாதம் தரப்பட்டவர்கள் உட்பட அந்த ஊர் மக்களைக் கொன்றார்கள் அல்லது அடிமைகளாக விற்றார்கள். அப்புறம் அங்கேயே வாரக்கணக்கில் தங்கிப் பட்டினியில் விழுந்தபோது, செத்தவர்களின் உடலைத் தின்றார்கள். இது எதிரி கட்டிய கதை என்று தள்ள முடியாது. ஃபுல்ச்சரும் ரேமண்டும் எழுதியிருக்கிறார்கள். 1099-இல் படைத்தலைவர்கள் போப்புக்கு அனுப்பிய கடிதத்திலேயே அது ஒப்புக்கொள்ளப்படுகிறது. உணவில்லாத படை தானும் அழிந்து, போகிற வழியில் இருப்பவர்களையும் எப்படி அழிக்கும் என்பதற்கு மஅர்ராவைவிடக் கொடுமையான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1099 ஜூன் 7 அன்று எருசலேமுக்கு வந்து சேர்ந்தபோது, கிளம்பியவர்களில் சிறு பகுதிதான் மிச்சம். போர் புரிபவர், புரியாதவர் எல்லாம் சேர்த்துத் தொடக்கத்தில் 60,000 பேர் இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. எருசலேமின் முன் நின்றபோது 1,200 அல்லது 1,300 நைட்டுகளும் ஏறக்குறைய 12,000 காலாட்களும் இருந்தார்கள் என்கிறார் ரேமண்ட். குறைந்தவர்கள் எல்லோரும் செத்தவர்கள் அல்ல. ஓடியவர்கள், எதெஸ்ஸாவிலும் அந்தியோக்கியாவிலும் தங்கிவிட்டவர்கள் எல்லாம் அதில் அடக்கம். இங்கேயும் முதல் பிரச்சினை தண்ணீர். நகரத்தைக் காத்தவர்கள் சுற்றியிருந்த கிணறுகளை அடைத்தும் நஞ்சிட்டும் வைத்திருந்தார்கள். மதிலுக்கு அருகே சீலோவாம் குளம் ஒன்றுதான், அதிலும் ஊற்று விட்டுவிட்டுத்தான் சுரக்கும். முண்டியடித்தவர்களும் கால்நடைகளும் அதில் விழுந்து செத்து நாறின. மாட்டுத்தோலைத் தைத்துப் பை செய்து, ஆறு மைல் தள்ளிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதை மொண்டு விற்றவர்களும் இருந்தார்கள், வாங்கக் காசில்லாதவர்கள் குளத்துச் சேற்றைக் குடித்தார்கள். ஜூலை 15 அன்று நகரம் விழுந்தது. உள்ளே இருந்த முஸ்லிம்களும் யூதர்களும் படுகொலை செய்யப்பட்டார்கள்.

நூறு ஆண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மூன்றாவது சிலுவைப் போரில் ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா பெரும்படையோடு அனத்தோலியாவைக் கடந்து, கஷ்டமான பகுதி முடிந்த நேரத்தில், 1190 ஜூன் 10 அன்று சாலெஃப் ஆற்றில் மூழ்கி இறந்தார். தலைவர் போனதும் படை கலைந்தது, மிச்சத்தில் பலரை அந்தியோக்கியாவில் நோய் கொண்டுபோனது. அதே நேரத்தில் இன்றைய இஸ்ரேலின் வட கடலோரத்தில் இருக்கும் அக்கோவை இன்னொரு படை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தது. 1189 ஆகஸ்ட் முதல் 1191 ஜூலை வரை, கிட்டத்தட்ட இரண்டு வருடம், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள். முன்னால் மதில், பின்னால் எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாவுதீனின் படை. மலம், பிணம், செத்த குதிரை, குடிநீர் எல்லாம் ஒரே இடத்தில். எருசலேம் அரசி சிபில்லாவும் அவருடைய இரண்டு மகள்களும் 1190-இல் முகாம் நோயில் இறந்தார்கள். கேன்டர்பரி பேராயர் பால்ட்வின் அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். பார்பரோசாவின் மகன் ஃபிரெடரிக் மிச்சப் படையோடு அங்கே வந்து, 1191 ஜனவரியில் இறந்தார். குளிர்காலத்தில் கடல் கொந்தளிப்பால் கப்பல் வராதபோது, மனிதர்கள் புல்லைத் தின்றார்கள், நாய் கடித்துப்போட்ட எலும்பைப் பொறுக்கினார்கள். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் வந்து இறங்கியதும் அவரும் பிரெஞ்சு மன்னர் பிலிப்பும் முடியும் நகமும் உதிரும் ஒரு நோயில் படுத்தார்கள். அது ஸ்கர்வியா (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வேறு காய்ச்சலா என்று மருத்துவ வரலாற்றாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அக்கோவில் தோண்டியெடுத்த பழைய கழிப்பறைக் குழிகளில் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, மீன் நாடாப்புழு முட்டைகள் கிடைத்திருக்கின்றன. ஏற்கெனவே அரைவயிறு சாப்பிடுபவரின் குடலில் புழுவும் பங்குக்கு வந்தால் அவர் எவ்வளவு நாள் தாங்குவார்?

அக்கோ விழுந்ததும், பணயமாக இருந்த சுமார் 2,700 முஸ்லிம் கைதிகளை ரிச்சர்ட் வெட்டிக் கொல்லச் செய்தார். பிறகு கடலோரமாகவே தெற்கே நடந்தார், உணவுக் கப்பல்கள் பக்கத்திலேயே வர. முந்தையவர்கள் செய்யாத நல்ல ஏற்பாடு இது. காலாட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி அம்புகளை எதிர்கொள்ளும்போது மறு பாதி கடல் பக்கமாக இளைப்பாறி நடக்கும்படி செய்தார். அப்படியும் ஆகஸ்ட் வெயிலில் கவசத்தோடு நடந்தவர்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள், விழுந்த இடத்திலேயே புதைக்கப்பட்டார்கள். இரவில் விஷப்பூச்சிகள் கடித்து உடம்பு வீங்கியது. பாத்திரம், கேடயம், தலைக்கவசம் என்று கையில் கிடைத்ததைத் தட்டிச் சத்தம் எழுப்பி அவற்றை விரட்டப் பார்த்தார்கள். வசதியானவர்களுக்கு விஷமுறிவு மருந்து கிடைத்தது. பெண்கள் வரக்கூடாது என்று ரிச்சர்ட் உத்தரவிட்டார், துணி வெளுக்கும் பெண்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் தலை கழுவிவிட்டு, பேன் பார்த்துவிட்டு, துணி துவைத்ததை உடன்போன கவிஞர் அம்புருவாஸ் மனம் நிறையப் பாராட்டுகிறார். பேன் பரப்பும் காய்ச்சலை அன்று யாரும் அறிந்திருக்கவில்லை. அந்தப் பெண்கள் எத்தனை உயிரைக் காப்பாற்றினார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

நோய் எப்படி ஒரு படையை உள்ளிருந்தே தின்னும் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒருவரைக் கேட்கலாம் என்றால், நான் ஜுவான்வில்லைத்தான் கேட்பேன். பிரான்சின் ஷாம்பேன் பகுதிப் பிரபு, 1248-இல் ஒன்பதாம் லூயியோடு போனவர். கிளம்பும்போது தன் கோட்டையையும் இரண்டு குழந்தைகளையும் திரும்பிப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று பார்க்காமலே போனதாக எழுதுகிறார். 1249 ஜூனில் எகிப்தின் தமியாத்தா நகரம் எளிதாகக் கிடைத்தது. 1250 பிப்ரவரியில் மன்சூராவில் பெரும் இழப்பு, மன்னரின் தம்பியே செத்தார். பின்வாங்காமல் அங்கேயே முகாமிட்டதுதான் வினையாகிப் போனது. சண்டையில் செத்தவர்களின் உடல்கள் சில நாளில் மிதந்துவந்து பாலத்தில் அடைத்துக்கொண்டன. நூறு கூலியாட்களை அமர்த்தி எட்டு நாள் அவற்றை அகற்றினார் மன்னர். அது தவக்காலம், இறைச்சி இல்லை, ஆற்று மீன்தான். பிணம் தின்ற மீனைத் தின்றதால்தான் நோய் வந்தது என்று ஜுவான்வில் நம்பினார். அவர் தரும் அறிகுறிகளைப் பார்த்தால் அது ஸ்கர்வி: காலில் சதை வற்றி, தோலில் கறுப்பும் மண்நிறமுமாகப் புள்ளிகள், ஈறு அழுகல். புதிய காய்கறி, பழம் இல்லாமல் வைட்டமின் சி தீர்ந்துபோனால் இரண்டு மூன்று மாதத்தில் உடம்பின் இணைப்புத் திசுக்கள் சிதையத் தொடங்கும், ஆறிய புண்கூடத் திறக்கும். நாவிதர்கள் ஈற்றில் செத்த சதையை அறுத்தெடுத்தால்தான் மென்று விழுங்க முடியும். அந்த அலறல் பிரசவ வலியில் கத்தும் பெண்களின் குரல் போல் முகாம் முழுவதும் கேட்டதாம். மூக்கில் ரத்தம் வந்தால் சாவு நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜுவான்வில்லின் சொந்தக் குரு பூசை நடுவில் மயங்கிச் சரிந்தார். நோயாளியான ஜுவான்வில்லே படுக்கையிலிருந்து எழுந்துபோய்த் தாங்கிப் பிடித்து, பூசையை முடிக்க வைத்தார். அதன்பின் அந்தக் குரு பூசை வைக்கவில்லை.

மன்னருக்குச் சீதபேதி. அடிக்கடி போக வேண்டியிருந்ததால் உள்ளாடையின் பின்பகுதியை வெட்டிவிட வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் படகில் தப்பிப் போக மறுத்துப் படையோடு நடந்தார், 1250 ஏப்ரல் 6 அன்று பிடிபட்டார். படகுகளில் கிடந்த நோயாளிகள் கொல்லப்பட்டு ஆற்றில் எறியப்பட்டதை ஜுவான்வில் கண்ணால் பார்த்தார். மன்னரின் உறவினர் என்று ஒருவர் பொய் சொன்னதால்தான் அவரே பிழைத்தார். தமியாத்தாவில் அரசி மார்கரெட் நிறைமாத கர்ப்பிணி. எதிரிகள் நுழைந்தால் என் தலையை வெட்டிவிடு என்று காவலுக்கிருந்த முதிய நைட்டிடம் வாக்குறுதி வாங்கினார். அந்த நாட்களில் பிறந்த ஆண் குழந்தைக்கு ஜான் திரிஸ்தான் என்று பெயர், துயரத்தில் பிறந்ததால். பிள்ளை பெற்ற படுக்கையிலிருந்தபடியே, ஓடப் பார்த்த ஜெனோவா, பீசா வணிகர்களைக் கூப்பிட்டு, நகரத்தின் உணவு முழுவதையும் தன் செலவில் வாங்கித் தருவதாகச் சொல்லி நிறுத்திவைத்தார். அந்தப் பெண் அன்று நகரத்தைப் பிடித்துவைத்திருக்காவிட்டால் மன்னரை மீட்கப் பேரம் பேசுவதற்கே கையில் ஒன்றும் இருந்திருக்காது. மீட்புத் தொகை 4,00,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) என்று முடிவானது. பெருந்தலைகளை மீட்கப் பணம் இருந்தது. பெயரில்லாத காலாள் பிடிபட்டால் சந்தையில் அடிமை. அப்படிப்பட்டவர்களை மீட்பதற்கென்றே 1198-இல் திரித்துவ சபை என்ற துறவியர் சபைக்குப் போப் மூன்றாம் இன்னசென்ட் அங்கீகாரம் கொடுத்தார் என்றால், எத்தனை பேர் அப்படிக் கிடந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

போரில் சாவது எப்படி இருந்தது என்பதற்கும் எலும்பு சாட்சி இருக்கிறது. லெபனானின் சிதோனில் கண்டெடுத்த 13-ஆம் நூற்றாண்டுக் குழியில் குறைந்தது 25 பேரின் எலும்புகள், பலருக்கு வெட்டுக்காயம் முதுகுப் பக்கம். ஓடும்போதோ குனிய வைத்தோ வெட்டப்பட்டவர்கள். 1253-இல் அந்த ஊரில் நடந்த படுகொலைக்குப் பிறகு, அழுகிய உடல்களை லூயி தன் கையாலேயே அள்ளிப் புதைக்க உதவினார் என்று குறிப்பு இருக்கிறது.

சரி, உயிரோடு திரும்ப எவ்வளவு வாய்ப்பு? பெயர் பதிவாகியிருக்கும் பிரபுக்களையும் நைட்டுகளையும் வைத்துக் கணக்கிட்டவர்கள், மூன்றில் ஒருவர் திரும்பவில்லை என்ற அளவுக்கு வருகிறார்கள். அது குதிரையும் காசும் வைத்தியரும் இருந்தவர்களின் கணக்கு. நடந்துபோன ஏழைகளின் பெயர்ப் பட்டியல் இல்லை. அந்தியோக்கியாவில் தானியத்துக்கு ஆன விலையையும் எருசலேமில் தண்ணீரை விற்றதையும் பார்த்தால், அவர்கள் நிலை இதைவிட மிக மோசமாக இருந்திருக்க வேண்டும்.

தெரிந்தும் மறுபடி போனார்களா என்றால், பலர் போனார்கள். போனால் பாவம் மன்னிக்கப்படும் என்பதில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை உண்மையானது, அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் ஜுவான்வில் போகவில்லை. லூயி மறுபடி சிலுவைப் போருக்குக் கிளம்பியபோது கூடவரும்படி வற்புறுத்தினார்கள். நான் கடல் தாண்டியிருந்த காலத்தில் அரசு அதிகாரிகள் என் குடிகளை உறிஞ்சி ஏழையாக்கிவிட்டார்கள், கடவுளுக்குப் பிடித்ததைச் செய்வதென்றால் நான் இங்கேயே இருந்து என் மக்களைக் காக்க வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். மன்னரைப் போகச் சொன்னவர்கள் பெரும்பாவம் செய்தார்கள் என்றும் எழுதினார், ஏனென்றால் லூயி அப்போது குதிரையேறவும் தெம்பில்லாமல் இருந்தார். பாரிசில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு இடத்துக்கு ஜுவான்வில்தான் அவரைக் கைகளில் தூக்கிப் போனார். 1270 ஜூலையில் படை வட ஆப்பிரிக்காவின் துனிசில் இறங்கியது. வெயிலும் கெட்ட தண்ணீரும் சில வாரத்தில் முகாமெங்கும் பேதியைப் பரப்பின. தமியாத்தாவில் பிறந்த ஜான் திரிஸ்தான் ஆகஸ்ட் 3 அன்று இருபது வயதில் இறந்தான். ஆகஸ்ட் 25 அன்று லூயி இறந்தார். துனிஸ் நகரத்தின் மேல் பெரிய தாக்குதல் எதுவும் அதுவரை தொடங்கியிருக்கவே இல்லை.